பில்லர் டிரில்லிங் மெஷின் மக்கர் செய்கிறதா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

கோவை கணபதியில் எனக்கு ஒரு சின்ன ஜாப் ஒர்க் பட்டறை. அக்கம்பக்கத்தில் யாருடைய டிரில்லிங் மெஷின் மக்கர் செய்தாலும் எனக்குத்தான் முதலில் போன் வரும். நான் பெரிய மெக்கானிக் என்பதால் இல்லை. நடக்கிற தூரத்தில் இருக்கிறேன், ஒரு டீக்கு மேல் எதுவும் கேட்பதில்லை, அதனால். போய்ப் பார்த்தால் பாதிக்கு மேல் மெஷினில் கோளாறே இருக்காது. பிட்டில் இருக்கும், ஜாப்பை, அதாவது துளை போடுகிற துண்டை, பிடித்த விதத்தில் இருக்கும், இல்லையென்றால் பெல்ட்டில் இருக்கும். ஆனால் நான் போய்ச் சேர்வதற்குள் பிட்டைச் சுற்றவைக்கும் தண்டான ஸ்பிண்டிலைக் கழற்றிப் பழைய பேப்பரில் பரப்பி வைத்திருப்பார்கள்.

அதனால் அறிகுறி வாரியாக எழுதுகிறேன். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவு வைக்கிற காரணம் கடைசியில் வரும். அந்த வரிசையை மாற்றாமல் பார்த்துக்கொண்டு வாருங்கள். மனதில் வைத்து எழுதுவது தரையில் நிற்கிற பில்லர் டிரில்: 1 எச்.பி. மோட்டார், வேகம் மாற்றப் படிப்புல்லி, இரண்டாம் நம்பர் மோர்ஸ் டேப்பர் (உள்ளே போகப் போக ஒடுங்கும் துளை) உள்ள ஸ்பிண்டில், 20 மி.மீ. வரை துளை போடுகிற சைஸ். மேஜை மேல் வைக்கிற சின்ன மெஷினுக்கும் இதில் பெரும்பாலானவை பொருந்தும்.

## சோதிக்கக் கை வைக்கும் முன்

ஸ்டார்ட்டரை ஆஃப் செய்தால் மட்டும் போதாது. மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் உங்கள் விரல் இருக்கும்போது, விவரம் தெரியாமல் இன்னொருவர் வந்து பட்டனை அமுக்குவது நம் பட்டறைகளில் நடக்காத விஷயமில்லை.

செலவைக் குறைக்க ஸ்டார்ட்டருக்குப் பதில் வீட்டு சுவிட்ச் போட்டு ஓட்டுகிற மெஷின்கள் இன்னும் இருக்கின்றன. கரண்ட் போகிறது, சுவிட்சை யாரும் அணைப்பதில்லை. பையன் சக்கில் (பிட்டைக் கவ்விப் பிடிக்கும் தலை) சாவியைப் போட்டு பிட்டைக் கழற்றிக்கொண்டிருக்கிறான், கரண்ட் வந்துவிடுகிறது. டி.ஓ.எல். (டைரக்ட் ஆன்லைன்) ஸ்டார்ட்டர் இருந்தால் கரண்ட் போனதும் அதன் காயில் விட்டுவிடும், பச்சைப் பட்டனை மறுபடி அமுக்கினால்தான் ஓடும். இந்த ஒன்றை மட்டும் கோளாறு வரும்வரை காத்திருக்காமல் மாற்றிவிடுங்கள்.

ஓடுகிற ஸ்பிண்டில் பக்கத்தில் கையுறை கூடாது. வெல்டிங்குக்குக் கையுறை காப்பு. இங்கே பிட் ஒரு நூலைப் பிடித்தால் கையுறையோடு கையும் போகும். தோளில் துண்டு, லுங்கி, தொங்குகிற சட்டைக் கை, மோதிரம், மணிக்கட்டில் கட்டிய கோயில் கயிறு எல்லாம் அதே கணக்குதான். கண்ணாடி கட்டாயம். ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில் மெஷினில் கட்டிய மாலையை அவிழ்த்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். சிரிக்க வேண்டாம், ஒரு வருஷம் சம்பங்கி மாலை முழுவதும் சக்கில் சுற்றி நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

## பட்டனை அமுக்கினால் ஓடவில்லை

### சத்தமே இல்லை என்றால்

லைனில் கரண்ட் வருகிறதா என்று பாருங்கள். வருகிறது என்றால் ஓவர்லோடு ரிலே தட்டியிருக்கும். ஐந்து நிமிடம் ஆறவிட்டு ரீசெட் பட்டனை அமுக்குங்கள். எமர்ஜென்சி பட்டன் உள்ளே அமுங்கியபடி இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், அது அடிக்கடி நடக்கும். ரிலே திரும்பத் திரும்பத் தட்டினால் அதன் அளவைத் திருகிக் கூட்டாதீர்கள். மோட்டார் பெயர்ப்பலகையில் உள்ள ஆம்பியர்தான் அதன் எல்லை. அதைத் தாண்டி விட்டால் ரிலே தட்டாது, மோட்டார்தான் எரியும். அந்த நிலையில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஆம்பியரை அளக்கச் சொல்லுங்கள்.

### உறுமுகிறது, சுற்றவில்லை என்றால்

உடனே அணையுங்கள். "கொஞ்சம் விட்டுப் பார்க்கலாம்" என்று நிற்கிற அந்த ஒரு நிமிடத்தில்தான் காயில் கருகுகிறது.

மூன்று ஃபேஸ் மோட்டாராக இருந்தால் பெரும்பாலும் ஒரு ஃபேஸ் போயிருக்கும். மூன்று ஃபியூஸையும் பாருங்கள், பிறகு ஸ்டார்ட்டரின் காண்டாக்ட் கருகியிருக்கிறதா என்று பாருங்கள். பட்டறையில் மற்ற மெஷின்களும் உறுமினால் கோளாறு உங்கள் மெஷினில் இல்லை, வெளியே லைனில் இருக்கிறது.

சிங்கிள் ஃபேஸ் மோட்டாராக இருந்தால் முதல் சந்தேகம் கெப்பாசிட்டர் மேல். உப்பியிருந்தாலோ எண்ணெய் கசிந்திருந்தாலோ போய்விட்டது என்று அர்த்தம். லைனை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் சார்ஜ் இருக்கும், அதன் முனைகளை ஒரு குண்டு பல்பு வழியாக இணைத்து இறக்கிவிட்டுத்தான் தொட வேண்டும். ஸ்க்ரூ டிரைவரை வைத்து ஷார்ட் செய்து பொறி பறக்கவிடுவது வீரம் இல்லை. கெப்பாசிட்டரில் எழுதியிருக்கும் அதே மைக்ரோ ஃபாரட், அதே வோல்ட்டேஜ் பார்த்து வாங்குங்கள். புதிது போட்டும் உறுமினால் உள்ளே இருக்கும் சென்ட்ரிஃப்யூகல் சுவிட்ச் காரணமாக இருக்கலாம். மோட்டார் நல்லபடி ஓடிய காலத்தில், அணைத்த பிறகு வேகம் குறைந்து நிற்கப் போகும் நேரத்தில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டிருப்பீர்கள். அது இந்த சுவிட்ச் திரும்பி ஒட்டுகிற சத்தம். சில நாளாக அது கேட்கவில்லை என்றால் சுவிட்ச் சிக்கியிருக்கிறது. மோட்டாரைத் திறக்க வேண்டியது காயில் கட்டுபவர், நாம் இல்லை.

### ஓடுகிறது, ஆனால் எந்த பிட்டும் வெட்டவில்லை என்றால்

"ஏனுங்க, புது பிட்டுங்க, மூணு தடவை தீட்டியாச்சு, ஒரு நூல்கூட இறங்க மாட்டேங்குது" என்று ஒருவர் கூப்பிட்டார். போய் நின்று இரண்டு விநாடி பார்த்தேன். ஸ்பிண்டில் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்தது. முந்தின நாள் மோட்டாரைக் காயில் கட்டி மாட்டியிருக்கிறார்கள். மேலிருந்து பார்த்தால் கடிகார முள் போகும் திசையில் சுற்ற வேண்டும். மூன்று ஃபேஸ் என்றால் மெயினை இறக்கிவிட்டு ஏதாவது இரண்டு ஃபேஸ் வயரை மாற்றிக் கட்டினால் வேலை முடிந்தது. தீட்டித் தீட்டி ஒரு அங்குலம் குறைந்துபோன அவருடைய பிட்டுக்குத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை.

## சும்மா ஓடும்போது சரி, அழுத்தினால் நிற்கிறது

எது நிற்கிறது என்பதை முதலில் பிரித்துப் பாருங்கள். எல்லாமே அதில் இருக்கிறது.

### பிட் மட்டும் நிற்கிறது, சக் சுற்றுகிறது

பிட்டைக் கழற்றி அதன் தண்டைப் பாருங்கள். வளையம் வளையமாகக் கீறல் விழுந்திருக்கும். அந்தக் கீறலின் பிசிறை அரத்தால் எடுத்துவிட்டுத் துடையுங்கள், சக்கின் தாடைகளுக்குள் இருக்கும் தூளையும் பிரஷ்ஷால் எடுங்கள். மறுபடி மாட்டும்போது சாவியை ஒரே ஓட்டையில் முறுக்கி விடாமல் மூன்று ஓட்டையிலும் முறுக்குங்கள். இதை ஐ.டி.ஐ.யில் முதல் வாரம் சொல்லித்தருவார்கள், இரண்டாம் வாரமே மறந்துவிடுகிறோம்.

16, 18 மி.மீ. பிட்டின் தண்டை மட்டும் 12 மி.மீ. ஆகக் கடைந்து சக்கில் மாட்டுவது பரவலான பழக்கம். அந்தத் தண்டு அவ்வளவு முறுக்கு விசையைத் தாங்காது, வழுக்கத்தான் செய்யும். 13 மி.மீ.க்கு மேல் போனால் டேப்பர் தண்டு பிட்டை வாங்கி நேராக ஸ்பிண்டிலில் மாட்டுங்கள். இவ்வளவும் சரியாக இருந்தும் வழுக்கினால் தாடையின் வாய் விரிந்துவிட்டது. சக்கை மாற்ற வேண்டியதுதான்.

சாவி பற்றி ஒரு வார்த்தை. தொலையாமல் இருக்கட்டும் என்று கயிறு கட்டி மெஷினிலேயே தொங்கவிடுகிறார்கள். சக் அந்தக் கயிற்றைச் சுற்றி இழுத்தால் சாவி எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது. மெஷின் தலையின் பக்கவாட்டில் ஒரு காந்தம் வைத்து அதில் ஒட்டிவிடுங்கள். சாவியிலிருந்து கை எடுக்கிற ஒரே இடம் அந்தக் காந்தமாக இருக்கட்டும்.

### ஸ்பிண்டிலும் நிற்கிறது, மோட்டார் ஓடுகிறது

பெல்ட். மூடியைத் திறந்து இரண்டு புல்லிக்கும் நடுவில் கட்டைவிரலால் அமுக்குங்கள். 10, 12 மி.மீ. உள்ளே போனால் சரி, அதற்கு மேல் என்றால் தளர்வு. மோட்டாரைப் பின்னால் தள்ளி இறுக்குங்கள். பெல்ட்டின் பக்கங்கள் கண்ணாடி போலப் பளபளத்தால் இறுக்கிப் பயனில்லை, புதிது போடுங்கள். அப்படியே புல்லியின் பள்ளத்துக்குள்ளும் டார்ச் அடித்துப் பாருங்கள். வி பெல்ட் பிடிப்பது இரண்டு பக்கங்களால்தான். பள்ளத்தின் அடி பளபளத்தால் பெல்ட் அடியில் உட்கார்ந்து வழுக்குகிறது, ஒன்று பெல்ட் தேய்ந்திருக்கிறது அல்லது புல்லி தேய்ந்திருக்கிறது. பெல்ட்டுக்குக் குங்கிலியம் தடவுவது தட்டைப் பெல்ட் காலத்துப் பழக்கம், இதற்கு வேண்டாம்.

பெல்ட் நன்றாக இருந்தும் புல்லி மட்டும் தண்டின் மேல் சுற்றினால் அதைத் தண்டில் இறுக்கும் கிரப் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது, அல்லது இரண்டையும் பூட்டும் சாவிக்கட்டை வெட்டுப்பட்டிருக்கிறது.

### மோட்டாரே திணறி நிற்கிறது

வேகத்தைக் குறையுங்கள். பெரிய பிட்டுக்கு வேகமான படியில் பெல்ட் கிடந்தால் எந்த மோட்டாரும் திணறும். மோட்டாரில் சின்னப் படி, ஸ்பிண்டிலில் பெரிய படி, இதுதான் குறைந்த வேகம். அதிலும் திணறினால் வோல்ட்டேஜை அளந்து பாருங்கள். மாலையில் மட்டும் திணறுகிறது என்றால் அனேகமாக அதுதான்.

## சக் மொத்தமாகக் கழன்று விழுகிறது

இது பயமுறுத்துகிற கோளாறு, ஆனால் காரணம் பெரும்பாலும் ஒரு துளி எண்ணெய். டேப்பர் பிடிப்பது உலோகமும் உலோகமும் உராய்ந்துதான். நடுவில் எண்ணெயோ ஒரு சின்ன இரும்புத் தூளோ இருந்தால் பிடிக்காது. சக்கின் தண்டையும் ஸ்பிண்டிலின் உட்புறத்தையும் பனியன் வேஸ்ட்டால் காய்ந்த துடைப்பாகத் துடையுங்கள். உட்புறத்தைத் துடைக்க விரலை விடாமல் ஒரு மரக்குச்சியில் துணி சுற்றி விடுங்கள். வெளிச்சத்தில் தண்டைத் திருப்பிப் பார்த்தால் எங்கேயாவது ஒரு மேடு மின்னும். அந்த மேட்டை மட்டும் எண்ணெய்க்கல்லால் லேசாகத் தேயுங்கள். உப்புத்தாள் போட்டுச் சுற்றிலும் தேய்த்தால் டேப்பரின் வடிவமே போய்விடும்.

மாட்டும்போது சக்கின் தாடைகளை முழுக்க உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். தண்டின் மேல்முனையில் இருக்கும் தட்டையான நாக்கு ஸ்பிண்டிலின் காடியில் உட்கார வேண்டும். கையால் சடாரென்று மேலே ஏற்றிவிட்டு, கீழிருந்து மரச் சுத்தியலால் ஒரு தட்டு. கழற்றுவதற்கு டிரிஃப்ட் என்கிற ஆப்பு இருக்கிறது. ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினால் அடுத்த மேட்டை நீங்களே உண்டாக்குகிறீர்கள். சக் விழப்போகும் இடத்தில் டேபிள் மேல் ஒரு பலகை போட மறக்காதீர்கள்.

துடைத்து மாட்டியும் விழுகிறது என்றால் ஒரு கேள்வி: இந்த மெஷினில் யாராவது பக்கவாட்டில் வெட்டுகிற எண்ட் மில் மாட்டிக் காடி எடுத்தார்களா? டிரில்லிங் மெஷின் மேலிருந்து கீழே அழுத்துவதற்காகச் செய்தது. பக்கவாட்டில் தள்ளினால் டேப்பர் தளர்ந்து விழும், கூடவே பேரிங்கும் கெடும். அதுவும் இல்லை என்றால் ஸ்பிண்டிலின் உட்புறம் கீறலாகியிருக்கும். டேப்பரின் உட்புறத்தைச் சீவிச் சரிசெய்யும் ரீமர் வைத்திருக்கும் டூல் ரூமுக்குக் கொண்டுபோங்கள். நாம் கை வைத்துச் சரிசெய்கிற இடமில்லை அது.

## பிட் இறங்கவில்லை, கீச்சிடுகிறது, புகைகிறது

எனக்கு வருகிற போன்களில் இதுதான் அதிகம்.

முதலில் வேகம். மைல்டு ஸ்டீலுக்கு ஒரு எளிய கணக்கு வைத்திருக்கிறேன்: 8000-ஐ பிட்டின் மி.மீ. அளவால் வகுத்தால் வருவது ஆர்.பி.எம்., அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று. 5 மி.மீ.க்கு 1600, 10 மி.மீ.க்கு 800, 20 மி.மீ.க்கு 400. இது நிமிடத்துக்கு 25 மீட்டர் வெட்டு வேகம் என்ற கணக்கில் வருவது, எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட்டுக்கு. காஸ்ட் அயர்ன் என்றால் இன்னும் கொஞ்சம் குறைவு. அலுமினியம் என்றால் இரட்டிப்பு. ஸ்டெயின்லெஸ் என்றால் 8000-க்குப் பதில் 3200. இந்த எண்களைச் சுண்ணாம்புக் கட்டியால் பெல்ட் மூடியின் உள்பக்கம் எழுதி வைத்தால் பெல்ட் மாற்றும்போது கண்ணில் படும்.

வேகம் சரி என்றால் பிட்டின் முனை. வெளிச்சத்தில் பிடித்து இரண்டு வெட்டு விளிம்பையும் பாருங்கள். விளிம்பு வெளிச்சத்தை வாங்கி வெள்ளைக் கோடாக மின்னினால் மழுங்கியிருக்கிறது. கூர்மையான விளிம்பு மின்னாது. அடுத்து, பிட்டைப் பக்கவாட்டில் பிடித்து, விளிம்புக்குப் பின்னால் இருக்கும் பகுதி விளிம்பைவிடத் தாழ்ந்திருக்கிறதா பாருங்கள். அது உயர்ந்திருந்தால் விளிம்பு உலோகத்தைத் தொடவே தொடாது. பின்பகுதி உரசி உரசிச் சூடாகும், எவ்வளவு அழுத்தினாலும் துளை பளபளக்கும், ஆழமாகாது. கைத்தீட்டலில் பாதி பிட்டுகள் இப்படித்தான் வருகின்றன. 8 முதல் 12 டிகிரி வரை பின்சாய்வு வேண்டும்.

முனைக் கோணத்துக்குக் கேஜ் இல்லையா? ஒரே அளவு அறுகோண நட் இரண்டைப் பக்கத்தோடு பக்கம் ஒட்டி வையுங்கள். அவை சேரும் இடத்தில் உண்டாகும் வாய் 120 டிகிரி. பிட்டுக்கு வேண்டியது 118. அந்த வாயில் முனையை வைத்து வெளிச்சம் எந்தப் பக்கம் கசிகிறது என்று பார்த்தாலே கோணம் தெரிந்துவிடும்.

முனை நீலமாகிவிட்டது என்று பிட்டைத் தூக்கி எறிய வேண்டாம். எச்.எஸ்.எஸ். சுமார் 600 டிகிரி வரை கடினத்தை விடாது. மறுபடி தீட்டினால் ஓடும். மலிவான கார்பன் ஸ்டீல் பிட் நீலமானால் அது செத்தது. எச்.எஸ்.எஸ்.ஸைத் தீட்டும்போது கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரில் முக்காதீர்கள், முனையில் மயிரிழை விரிசல் விடும். லேசாகத் தீட்டி, சூடேறும் முன்பே எடுத்து ஆறவிடுவது நல்லது.

ஆயில்: மைல்டு ஸ்டீலுக்குத் தண்ணீரில் 20-க்கு 1 கலந்த சொல்யூபிள் ஆயில் போதும். ஸ்டெயின்லெஸுக்கு நல்ல கட்டிங் ஆயில். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய். காஸ்ட் அயர்னுக்கு எதுவும் வேண்டாம். பிட்டின் அளவைப்போல மூன்று நான்கு மடங்குக்கு மேல் ஆழம் போனால் அடிக்கடி பிட்டை மேலே எடுத்து வெட்டிய உலோகச் சுருளை வெளியேற்றுங்கள். பிட்டின் பள்ளம் அடைத்துக்கொண்டால் ஆயில் அடிக்குப் போய்ச் சேராது.

### ஸ்டெயின்லெஸில் பாதியில் நின்றுவிட்டது என்றால்

304 போன்ற ஸ்டீலுக்கு ஒரு குணம் உண்டு. வெட்டாமல் உரசினால் உரசிய இடம் இறுகிவிடும். பிட் நின்ற இடத்தில் கண்ணாடி போல ஒரு வட்டம் தெரிந்தால் அது இறுகிய தோல். அதன் மேல் அதே பிட்டை வைத்து அழுத்துவது வீண் வேலை. கோபால்ட் கலந்த, 135 டிகிரி முனை உள்ள புது பிட்டை மாட்டி, வேகத்தைக் குறைத்து, ஆயில் விட்டு, ஒரே சீரான நல்ல அழுத்தத்தில் தோலை உடைத்து உள்ளே போக வேண்டும். உள்ளே போன பிறகு பயந்து பயந்து விட்டு விட்டு அழுத்தக் கூடாது. சுருள் எடுக்க மேலே தூக்கினால் அடுத்த முறை இறக்கியதும் உடனே வெட்ட வேண்டும், உரசிக்கொண்டு நிற்கக் கூடாது. முடிந்தால் ஜாப்பைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்திலிருந்து போடுவது இன்னும் சுலபம். துளையின் மையத்தில் குழி போடும் சென்டர் பஞ்சையும் இதில் ஓங்கி அடிக்காதீர்கள். அந்த அடியிலேயே இறுகும்.

## துளை பஞ்ச் அடித்த இடத்தில் விழவில்லை

பஞ்ச் குழி சின்னதாக இருந்தால் பிட்டின் நடுமுனை அதில் உட்காராமல் நடந்துபோகும். குழியைப் பெரிதாக்குங்கள், அல்லது சென்டர் டிரில்லால் தொடங்குங்கள். பெரிய துளைக்கு முன்துளை போடுங்கள். முன்துளை பெரிய பிட்டின் நடுமுனை நீளத்தைவிடச் சற்றே பெரிதாக இருந்தால் போதும். 20 மி.மீ. துளைக்கு முன்னால் 15 மி.மீ. போட்டுக்கொண்டால் பிட்டின் ஓரங்கள் மட்டும் மாட்டி அதிரும், மூலை உடையும்.

துளை விலகுவதை முழு விட்டமும் உள்ளே இறங்கும் முன் கவனித்துவிட்டால் இன்னும் காப்பாற்றலாம். மெஷினை நிறுத்தி, எந்தப் பக்கம் நகர வேண்டுமோ அந்தப் பக்கத்துச் சரிவில் சின்ன உளியால் ஒரு பள்ளம் வெட்டுங்கள். பிட் அந்தப் பக்கம் இழுபடும். பழைய ஃபிட்டர்கள் செய்தது. இன்றும் வேலை செய்கிறது.

முன்துளை சரியாக விழுந்து, பெரிய பிட் மட்டும் விலகினால் நீங்கள் நடுவில் டேபிளை ஏற்றி இறக்கியிருப்பீர்கள். உருண்டைத் தூண் உள்ள மெஷினில் டேபிளை இறக்கினாலே அது கொஞ்சம் சுற்றிவிடும், மையம் போய்விடும். பெரிய பிட் எவ்வளவு நீளம் என்பதை முதலிலேயே பார்த்து டேபிளை வைத்துக்கொள்ளுங்கள்.

## துளை பிட்டைவிடப் பெரிதாக விழுகிறது

பிட் வெட்டும்போது சுருள் ஒரு பள்ளத்தில் மட்டும் வருகிறதா, இரண்டிலும் வருகிறதா? ஒன்றில் மட்டும் என்றால் தீட்டியதில் ஒரு விளிம்பு நீளம், ஒன்று குட்டை. மீண்டும் தீட்டுங்கள், முடிந்தது.

இரண்டிலும் வருகிறது, ஆனாலும் பெரிதாகிறது என்றால் ஆட்டம் எங்கே என்று தேட வேண்டும். நேராகத் தீட்டிய (கிரவுண்ட்) ஒரு பின்னை, அது இல்லையென்றால் புது பிட்டின் தண்டைச் சக்கில் பிடித்து, ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜை வைத்துக் கையால் சுற்றுங்கள். பிறகு சக்கைக் கழற்றிவிட்டு டயலின் முள்ளை ஸ்பிண்டிலின் உள் டேப்பரிலேயே வைத்துச் சுற்றுங்கள். அங்கே 0.02, 0.03 மி.மீ.க்குள் நின்றால் ஸ்பிண்டில் சுத்தம், குற்றவாளி சக் அல்லது அதன் தண்டு. ஸ்பிண்டிலிலேயே 0.1 ஆடினால் பேரிங் பகுதிக்குப் போங்கள், கீழே சொல்லியிருக்கிறேன்.

## துளை சாய்ந்து விழுகிறது

டேபிள் மேல் ஒட்டியிருக்கும் ஒரு சுருள் துண்டே இதற்குப் போதும். துடையுங்கள், வைஸின் அடியையும் துடையுங்கள். அதற்குப் பிறகும் சாய்ந்தால் ஒரு சைக்கிள் ஸ்போக்கை எடுத்து இரண்டு இடத்தில் மடக்கி, ஒரு முனை சக்கில், மறுமுனை டேபிளைத் தொடும்படி மாட்டுங்கள். ஸ்பிண்டிலைக் கையால் சுற்றி, முன், பின், இடம், வலம் நான்கு இடத்திலும் ஸ்போக்குக்கும் டேபிளுக்கும் நடுவில் ஒரு பேப்பர் துண்டைச் செருகிப் பாருங்கள். இடம் வலமாக வித்தியாசம் இருந்தால் டேபிளுக்கு அடியில் உள்ள போல்ட்டைத் தளர்த்திச் சரிசெய்யலாம். முன் பின்னாக இருந்தால் பெரும்பாலான மெஷின்களில் திருப்ப எதுவும் இருக்காது, டேபிளுக்கும் அதைத் தாங்கும் கைக்கும் நடுவில் ஷிம், அதாவது மெல்லிய தகட்டுத் துண்டு, வைக்க வேண்டும். டேபிள் கிளாம்பை இறுக்காமல் துளை போட்டாலும் அழுத்தத்தில் டேபிள் தலைசாயும்.

## மறுபக்கம் வரும்போது பிட் மாட்டுகிறது, ஜாப் சுற்றுகிறது

இடது ஆட்காட்டி விரலில் எனக்கு ஒரு தழும்பு இருக்கிறது. 3 மி.மீ. தகடு, 12 மி.மீ. பிட், "ஒரே ஒரு துளைதானே" என்று கையில் பிடித்தேன். கடைசி அரை மி.மீ.யில் பிட் தகட்டுக்குள் திருகாணி போல ஏறியது. தகடு பிட்டோடு மேலே வந்து ஒரு சுற்று சுற்றியது. அடுத்த சுற்று சுற்றும் முன் கையை எடுத்துக்கொண்டதால் இதைத் தட்டச்சு செய்ய விரல் இருக்கிறது.

நடுமுனை வெளியே வந்த நொடியில் எதிர்ப்பு குறைகிறது, விளிம்புகள் மிச்சமிருக்கும் மெல்லிய தோலைக் கவ்வுகின்றன. அதனால் முடியும் தறுவாயில் அழுத்தத்தைக் குறையுங்கள். கைப்பிடியை அழுத்துவதைவிடப் பிடித்து நிறுத்துவது போல இருக்க வேண்டும்.

ஜாப்பைக் கையால் பிடிக்கக் கூடாது. வைஸில் பிடியுங்கள், வைஸை டேபிளோடு போல்ட் போடுங்கள். வைஸ் கனமாக இருக்கிறதே என்று போல்ட் போடாமல் விட்டால், சுற்றும்போது அந்தக் கனமே உங்களை அடிக்கும். நீளமான ஃபிளாட், ஆங்கிள் என்றால் கிளாம்ப் போட்டு, நீண்ட பக்கம் இடதுபுறம் போகும்படி வைத்து, அதை மெஷினின் தூணில் இடதுபக்கம் சாய்த்து வையுங்கள். கிளாம்ப் விட்டாலும் ஜாப் தூணில் போய் முட்டி நிற்கும். நீண்ட பக்கத்தை வலதுபுறம் வைத்தால் அது சுற்றி வந்து நிற்கும் இடம் உங்கள் வயிறு.

மெல்லிய தகட்டுக்கு அடியில் பலகை, முடிந்தால் மேலேயும் ஒரு பலகை வைத்து மூன்றையும் சேர்த்துப் பிடித்துப் போடுங்கள். நிறையத் தகடு வேலை இருந்தால் படிப்படியாக அகலும் ஸ்டெப் டிரில் வாங்கிக்கொள்ளுங்கள். பித்தளையில் பிட் மாட்டிக்கொண்டே இருந்தால் வெட்டு விளிம்பின் முன்முகத்தை எண்ணெய்க்கல்லால் நேராக ஒரு இழை தேய்த்துத் தட்டையாக்குங்கள். கவ்வுவது நின்றுவிடும். அந்த பிட்டைத் தனியாக எடுத்து வையுங்கள், இரும்புக்கு ஆகாது.

மாட்டிவிட்டது, ஜாப் சுற்றுகிறது என்றால் ஜாப்பைப் பிடிக்கப் போகாதீர்கள். ஸ்டாப் பட்டன், பின்வாங்கல், அவ்வளவுதான். சுருள் பிட்டில் சுற்றிக்கொண்டாலும் மெஷின் நின்ற பிறகு கொக்கியாலோ பிரஷ்ஷாலோ எடுங்கள்.

## கைப்பிடியை விட்டால் மேலே போகவில்லை

ஸ்பிண்டிலைத் தாங்கி ஏறி இறங்கும் குழாய்தான் குவில், அதன் லாக் பாதி இறுகியிருக்கிறதா பாருங்கள். அடுத்தது அழுக்கு. குவிலை முழுக்க இறக்கி மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து லேசான எண்ணெய் தடவினால் பெரும்பாலும் ஏறும். ஏறவில்லை என்றால் பக்கவாட்டு டப்பாவுக்குள் இருக்கும் சுருள் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் அல்லது அறுந்திருக்கும். அந்த டப்பாவை வெறும் கையால் கழற்றாதீர்கள். முறுக்கியிருக்கும் ஸ்பிரிங் விட்டால் விரலை வெட்டும். மெயினை இறக்கிவிட்டு, டப்பாவைப் பிளையரால் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காடியாக விடவும் இறுக்கவும் தெரிந்தவர் செய்யட்டும்.

## சத்தம், அதிர்வு, ஆட்டம்

பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் ஓட்டுங்கள். சத்தம் இருந்தால் மோட்டார் பேரிங், இல்லையென்றால் தொடர்ந்து படியுங்கள். நிறைய நாள் நிற்கவிட்ட மெஷினில் பெல்ட் வளைந்தபடியே இறுகியிருக்கும், 'தட தட' என்று வரும், கொஞ்ச நேரம் ஓடினால் போய்விடும். தரை போல்ட் தளர்ந்திருந்தாலும் அதிரும். இந்த மெஷினுக்குத் தலை கனம், அடி சிறிது. போல்ட் போடாமல் நிறுத்தியிருந்தால் இன்றே போடுங்கள்.

இப்போது மெயினை இறக்கிவிட்டு, குவிலை முழுக்க இறக்கிச் சக்கைப் பிடித்து முன்னும் பின்னும் அசையுங்கள். 'டக் டக்' என்று ஆடுகிறதா? குவில் லாக்கை இறுக்கி மறுபடி அசையுங்கள். ஆட்டம் நின்றால் குவிலுக்கும் அதைத் தாங்கும் தலைக்கும் நடுவில் தேய்மானம். சில மெஷின்களில் அதை இறுக்க ஒரு திருகு இருக்கும். லாக் போட்ட பிறகும் ஆடினால் ஸ்பிண்டில் பேரிங்.

இங்கே நான் நிறுத்திக்கொள்வேன். ஸ்பிண்டிலைச் சுத்தியலால் தட்டி வெளியே எடுத்து, கடையில் கிடைத்த பேரிங்கை மறுபடி தட்டி ஏற்றியவர்களின் மெஷின்தான் ஆறு மாதத்தில் மறுபடி என்னிடம் வருகிறது. பிரஸ் வைத்திருக்கிற மெஷின் டூல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அவரிடம் "சத்தம் வருகிறது" என்று மட்டும் சொல்லாமல், டேப்பரில் டயல் எவ்வளவு காட்டியது, லாக் போட்டால் ஆட்டம் நின்றதா இல்லையா என்று சொன்னால் பாதி நேரம் மிச்சம். வேலை முடிந்ததும் குறைந்த வேகத்தில் சும்மா ஒரு பத்து நிமிடம் ஓடவிட்டு அணைத்து, ஸ்பிண்டில் நின்ற பிறகு குவிலைக் கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. கை வைத்திருக்க முடியாத சூடு என்றால் பேரிங்கை அதிகமாக இறுக்கிவிட்டார். அவருக்கு முழுக் காசையும் கொடுப்பதற்கு முன் அந்தப் பத்து நிமிடத்தை ஓட்டிவிடுங்கள்.